பழைய நேரப்படி நான்கு மணி

நான் எந்த இடத்துக்கும் தாமதமாகப் போகிறவன் இல்லை, சார். இன்றைக்கும் நீங்கள் வருவதற்கு முன்பே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் நிற்கும் காவலர், நான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன் என்று நினைத்துவிட்டார். உங்கள் சுவர்க் கடிகாரத்தையும் கவனித்தேன். பழைய நேரத்துக்கு மாற்றிவிட்டீர்கள். வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்த வாரமே கோலாலம்பூர் முழுக்க மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. யார் அதிகாரத்தில் இருக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நேரம். அன்றைக்கும் நான் இதைத்தான் சொன்னேன்.

இக்னேஷியஸ் மாஸ்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் கடிகாரத்திலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

மாஸ்டர் ரயில்வேயில் தந்தி குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கிடைத்த பணத்தை எல்லாம் போட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மரக் கட்டடத்தில் தனியார் பள்ளிக்கூடம் தொடங்கினார். உதயம் பாடசாலை என்று பெயர். ஊர்க்காரர்கள் கடிகாரப் பள்ளிக்கூடம் என்பார்கள். ஏதோ ஒரு ஸ்டேஷனில் கழற்றிப் போட்ட பெரிய மணியடிக்கும் கடிகாரத்தை வாங்கிவந்து நடுவறையில் மாட்டியிருந்தார். சனிக்கிழமைதோறும் நாற்காலி மேல் ஏறிச் சாவி கொடுப்பார். அந்தக் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது. திருப்பினால் மணியடிக்கும் பகுதி கெட்டுவிடும். கடிகாரம் கொஞ்சம் முந்தினால்கூட மாஸ்டர் முள்ளை முன்னால்தான் நகர்த்துவார். ஒவ்வொரு மணியும் முழுதாக அடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த மணிக்குப் போய், இப்படியே முழுச் சுற்றும் சுற்றி வருவார். பிள்ளைகள் கீழே நின்று சத்தமாக எண்ணுவார்கள். பாதிப் பேர் எண் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

போருக்கு முன்னால் நான் ஒரு ரப்பர் கம்பெனியில் எழுத்தர். ஜப்பான்காரன் வந்ததும் கம்பெனி மூடிவிட்டது. வேலை போனதே தவிர, வேகம் போகவில்லை. எதையாவது நடத்த வேண்டும், பெரிதாக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் துடிக்கும். மாஸ்டர் என்னைத் தெருவில் பார்த்து, "வாசு, சும்மா சைக்கிள மிதிச்சிக்கிட்டுத் திரியிறதுக்கு எங்க போர்டுல வந்து செயலாளரா உக்காரு" என்றார். அப்படித்தான் வந்தேன். அவரே கூப்பிட்டார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நிர்வாகக் குழுவில் நாங்கள் நான்கு பேர். மாஸ்டர் தலைவர். நான் செயலாளர். சாப்பாட்டுக் கடை மைதீன் பாய் ஒருவர். மாடு வைத்துப் பால் ஊற்றும் கன்னையா அண்ணன் ஒருவர். மூன்று பேர் இருந்தால் கூட்டம் செல்லும். இரண்டுக்கு இரண்டு என்று வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்குச் சொல்லாமல் வராதவருக்குப் பதவி தானாகப் போய்விடும். விதிகள் எல்லாம் மாஸ்டர் எழுதியவை. ஒரு வார்த்தைகூட நான் சேர்த்ததில்லை.

என்னிடம் திட்டங்கள் இருந்தன, சார். ஜப்பான் பாஷை, நிப்பொங்கோ, அதற்கு ஒரு வகுப்பு வைத்தால் ஆசிரியர்களுக்கு அரிசி கிடைக்கும். நான் அந்தப் பாஷையில் முதல் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். கிள்ளானில் ஒரு கிளை திறக்கலாம் என்றும் வரைபடம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்துச் சொல்வேன். அரிசி என்றதும் மைதீன் பாய் என் பக்கம் கை தூக்குவார். கன்னையா அண்ணன் மாஸ்டர் எதற்குத் தூக்குகிறாரோ அதற்குத் தூக்குவார். பிறகு மாஸ்டர் தன்னுடைய இன்னொரு வாக்கைப் போடுவார். சிரித்துக்கொண்டே போடுவார், அதுதான் கஷ்டம்.

"கூட்டலும் தமிழும் ஒழுங்கா வந்தாப் போதும் தம்பி. மத்ததெல்லாம் லோரி ஏறி வந்த பாடம். லோரி ஏறியே போயிரும்."

நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர் தலைவராக இருந்தால் ஒரு நிறுவனம் எப்படி வளரும்?

இப்போது நேரத்துக்கு வருகிறேன். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம் என்று சட்டம் போட்டான். நம்முடைய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால். ரயில், ஆபீஸ், பாசார் எல்லாம் மாறின. மாஸ்டர் மாற்றவில்லை. "வெயிலு மாத்தட்டும், நான் மாத்துறேன்" என்பார். பள்ளிக்கூடம் பழைய நேரத்தில் ஓடியது. எங்கள் கூட்டமும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பழைய நேரப்படி நான்கு மணிக்குத்தான் நடந்தது.

நாற்பத்து மூன்றாம் வருடம், நான் செய்தது ஒரே ஒரு திருத்தம். அறிவிப்பில் வழக்கம்போல மாலை நான்கு மணி என்று எழுதி மாஸ்டர் வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மைதீன் பாய் கடைக்கும் கன்னையா அண்ணன் கொட்டகைக்கும் போய், இனிமேல் தோக்கியோ நேரம், சட்டப்படி அதுதான் நான்கு மணி என்று வாயால் சொன்னேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. சட்டத்தை ஒரு தலைமையாசிரியருக்கு நான் போய் விளக்குவது மரியாதையாக இருக்காது.

மூன்று பேரும் கூடினோம். தலைக்கு மேலே கடிகாரம் இரண்டரை என்று ஒற்றை மணி அடித்தது. மைதீன் பாய் அண்ணாந்து பார்த்தார்.

"வாசு, உங்க கடிகாரம் இன்னும் வெள்ளைக்காரனுக்கே சம்பளத்துக்கு இருக்குபோல."

கன்னையா அண்ணன், "என் மாடுங்களுக்கும் யாரும் நோட்டீஸு குடுக்கல பாய். அதுங்க கறக்குற நேரத்துலதான் கறக்குது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

"மாஸ்டர் வரலையா?" என்றார் பாய்.

"அறிவிப்புக் குடுத்தாச்சு பாய்" என்றேன்.

மறுநாள் மாஸ்டர் என்னிடம், "நேத்து நாலு மணிக்கு வந்து குந்தியிருந்தேன் தம்பி, ஒரு ஆளையும் காணோமே" என்றார். "ஆமா மாஸ்டர், நீங்க வந்தப்ப யாரும் இல்லதான்" என்றேன். நான் பொய் சொல்வதில்லை, சார். அவர், சண்டைக் காலம், பாவம், எவனெவனுக்கு என்ன தொல்லையோ என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் இப்படியே நடந்தது. அவர் குறை சொல்லவில்லை. வந்தது வீணாகக் கூடாது என்று அறையைப் பெருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மூன்றாவது கூட்டத்தை மட்டும் நான் வேண்டுமென்றே நீட்டினேன். ஒருவருடைய பதவி போனதை அவருக்கு நேரில் சொல்வதுதான் பண்பு. மைதீன் பாய் மரவள்ளிக்கிழங்கு வடை கொண்டுவந்திருந்ததால் யாரும் எழுந்து போகவும் இல்லை. கடிகாரம் நான்கு அடிக்கும்போது மாஸ்டர் படியேறி வந்தார். நான் எழுந்து நின்று விதியைச் சொன்னேன். அவர் வடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார். புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"நான் நேரத்துக்கு வந்திருக்கேன். நீங்க முன்னாடியே வந்துட்டீங்க. முன்னாடியே கூடுனா அது கூட்டமில்ல தம்பி, அரட்டை. வடை வேற இருக்கு."

மைதீன் பாயும் சிரித்துவிட்டார். பிறகு வடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர்ட்ட நேரம் மாறுனதச் சொல்லலையா நீ?"

"சட்டம் எல்லாருக்கும் தெரியும் பாய்."

"சட்டம் தெரியும்லா. நீ சொன்னியான்னு கேட்டேன்."

கன்னையா அண்ணன் விழித்துக்கொண்டு, "இது சரியில்ல வாசு. மறுபடி ஒருக்கா கூட்டு, மாஸ்டர் இருக்கப்பவே பேசுவோம்" என்றார். அவர் கூட்டத்தில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மூன்று கூட்டமும் செல்லாது என்ற முடிவோடு கூட்டம் கலைந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ஒரு சந்தேகம் எழுந்துவிட்டது. எது நான்கு மணி? இதை வடையும் சிரிப்பும் வைத்துத் தீர்க்க முடியாது. தீர்ப்புச் சொல்ல உரிமை உள்ள இடத்தில் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும் முன் கடிகாரத்தைக் கழற்றிச் சைக்கிளில் வைத்துக் கட்டினேன். மாஸ்டரின் மகள் உர்சுலா டீச்சர் அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே வந்தார். அப்பா நடத்துகிற பள்ளியில் சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்தவர்.

"அத எங்க கொண்டு போறீங்க?"

"ஒரு பொதுக் கேள்வி இருக்கு டீச்சர். கேட்டுட்டு வந்துர்றேன்."

பெரிய சாலையில் இருந்த ஜப்பானிய ஆபீஸுக்குப் போனேன். காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனால் தமிழ் யாருக்கும் புரியாது. கடிகாரம் யாருக்கும் புரியும். மேசைமேல் நிமிர்த்தி வைத்தேன். எனக்குத் தெரிந்த நிப்பொங்கோவில், மிகவும் பணிவாக, ஐயா, எங்கள் பள்ளிக்கூடத்தில் இதுதான் நேரம், இது சரியா என்று கேட்டேன். உச்சரிப்பு நன்றாகவே வந்தது. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். குவார்ட்டர்ஸில் எந்த வரிசை, எந்த வீடு என்பதையும் சொன்னேன். ஒரு அரசாங்க ஆபீஸில் அரைகுறையாகத் தகவல் கொடுக்கக் கூடாது.

லோரியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். சைக்கிளையும் ஏற்றச் சொன்னேன், ஏற்றினார்கள். அந்த அளவுக்கு மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

பிள்ளைகள் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து வணக்கம் செய்து முடித்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். கடிகாரத்தைப் பழைய ஆணியில் மாட்டச் சொன்னார்கள். நான்தான் மாட்டினேன். ஆணி சற்றுச் சாய்ந்திருக்கும், அது எனக்குத்தான் பழக்கம். ஊசலை ஆட்டிவிட்டேன். ஓடியது. அதிகாரி மாஸ்டரை அழைத்து அதைக் காட்டினார்.

மாஸ்டர் அந்தக் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உர்சுலா டீச்சர், "அப்பா, நேத்து" என்று ஏதோ சொல்ல வந்தார். மாஸ்டர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். டீச்சர் என்ன சொல்ல வந்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

"கடிகாரம் என்னோடதுதான்" என்றார் மாஸ்டர். பாருங்கள், சார், ஒப்புதல் வாக்குமூலம் என்றால் அன்றைக்கு நடந்ததுதான். அவரே, தன் வாயால், சாட்சிகள் முன்னால் சொன்னார்.

லோரியில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழம சாவி குடுக்க மறந்துராத வாசு" என்றார். நான் ஒரு சனிக்கிழமையும் மறந்ததில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அங்கே அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ரயில்வேக்காரர், ரயில் வேலைக்கே போனார். அங்கிருந்து திரும்பிய ஒருவர் இந்த வருடம் வந்து டீச்சரிடம் சொன்னாராம். காலரா வந்து இறந்தாராம். அதுவரை கூலிகள் தங்கிய லயத்தில் எல்லாரும் அவரிடம்தான் மணி கேட்பார்களாம். வெயிலைப் பார்த்துச் சொல்வாராம். பழைய நேரம்தான் சொல்வாராம். அவருடைய பிடிவாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பள்ளிக்கூட விஷயம் அப்படியே நின்றது. நான் தலைவர் நாற்காலியில் உட்காரப் போனேன். மைதீன் பாய், "அந்த மூணு கூட்டமும் செல்லாதுன்னு பேசிட்டமே, இப்ப எப்படி நீ தலைவரு?" என்றார். நியாயமான கேள்வி. நான் எதிர்க்கவில்லை. அந்த மூன்று கூட்டத்தையும் நானே ரத்து செய்தேன். புதிதாக மூன்று கூட்டம் கூட்டினேன். இந்த முறை பழைய நேரப்படி நான்கு மணிக்கு, மாஸ்டருக்கு வசதியான நேரத்தில்.

ஒவ்வொன்றுக்கும் அவர் வீட்டில் அறிவிப்புக் கொடுத்தேன். முதல் தடவை டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எங்கப்பாவுக்கு இத எங்க அனுப்புறது?"

"வர முடியலன்னா சொல்லி அனுப்பலாம் டீச்சர். சொல்லிட்டா பதவி போகாது."

"யார் சொல்லி அனுப்புறது?"

"உறுப்பினர்தான் சொல்லணும். விதி அப்படி இருக்கு. அவர் எழுதுனதுதான்."

இரண்டாவது தடவை கதவு திறக்கவில்லை. அடியில் செருகிவிட்டு வந்தேன். மூன்றாவது கூட்டத்துக்கு மைதீன் பாய் வந்தார், வடை கொண்டுவரவில்லை. கன்னையா அண்ணன் தூங்கவில்லை. கடிகாரம் நான்கு அடித்தது. மாஸ்டர் வருகிறாரா என்று வாசலை நானே எட்டிப் பார்த்தேன். நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. அவர் வரவில்லை. பதவி தானாகப் போனது. செயலாளர் என்ற முறையில் நான் தலைவரானேன். அவருடைய சேவையைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டேன். அதற்கு அவர்கள் இரண்டு பேரும் கை தூக்கினார்கள். என் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்கள். அது கணக்கில் வராது.

அரிசி இரண்டு தடவை வந்தது. பிறகு வரவில்லை. பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள், மரவள்ளி நட ஆள் வேண்டும் என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். நாற்பத்து நான்கு முடிவதற்குள் கட்டடத்தை ஜப்பான்காரன் சாமான் அடைக்க எடுத்துக்கொண்டான். கிள்ளான் கிளையின் வரைபடம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்க்க விரும்பினால் கொண்டுவருகிறேன். நல்ல வரைபடம்.

கடிகாரத்தைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். பெரிய சாலையில் ஒரு சீனர் கடிகாரக் கடை வைத்திருந்தார். கண்ணாடிக்குள் மாட்டியிருந்த கடிகாரங்கள் பழைய நேரம் காட்டுகின்றன என்று சொல்லி அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடை பூட்டிக் கிடந்தது, கடிகாரங்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. நான் தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போவேன். ஒவ்வொன்றாக நின்றுபோனதைப் பார்த்தேன். ஆகவே, தெரியும். மாஸ்டருக்கு அது நடந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லையே. நான் மணி சரியா என்றுதான் கேட்டேன்.

உர்சுலா டீச்சர் உங்களிடம் சொன்ன விஷயம் ஒன்று பாக்கி. முந்தின நாள் மாலை, எல்லாரும் கலைந்துபோன பிறகு, மாஸ்டரே கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார் என்று சொல்லியிருப்பார். மறுநாள் நான் அதைச் சைக்கிளில் கட்டும்போது புது நேரம்தான் காட்டியது என்றும் சொல்லியிருப்பார். இரண்டும் உண்மை. அப்பாவுக்குக் குடை கொண்டுவந்த டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டது நான்.

"புள்ளைங்க வர்ற எடம் தம்பி. ஒரு முள்ளுக்காக வம்பு எதுக்கு? நீ சொல்ற நேரமே இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒன்றரை மணி முன்னாடியே வந்துர்றேன், போ" என்றார்.

வந்துவிடுவார், சார். அதுதான் பிரச்சினை. சரியான நேரத்துக்கு வந்து, சிரித்துக்கொண்டே அந்த இன்னொரு வாக்கைப் போடுவார். ஒவ்வொரு மாதமும்.

ஆபீஸுக்குப் போகிற வழியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. கடிகாரத்தைக் கொண்டுபோன அன்று அதன் நிழலில் சைக்கிளை நிறுத்திக் கடிகாரத்தைத் திறந்தேன். கூட்டங்கள் நடந்த நாட்களில் அது எந்த நேரம் காட்டியதோ அந்தப் பழைய நேரத்தையே காட்டினால்தானே என் கேள்வி அதிகாரிக்குப் புரியும்? ஒன்றரை மணி நேரம் பின்னால் போக வேண்டும். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் முடிந்தது.

ஆனால் அதன் முள்ளைப் பின்னால் திருப்பக் கூடாது. அதனால் முன்னால் திருப்பினேன். முழுச் சுற்றும். பத்து அடித்தது, காத்திருந்தேன். பதினொன்று அடித்தது, காத்திருந்தேன். பன்னிரண்டுக்கு நிறைய நேரம் ஆகும். குவே பலகாரம் விற்கும் மலாய்க்கார அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்து நின்று, "ஜாம் ரோசாக்கா?" என்றார். கடிகாரம் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, சரி செய்கிறேன் என்றேன். அவர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, கடைசி மணி அடித்த பிறகு தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

யோசிக்க நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். நிறைய இருந்தது, சார். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் இருந்தது. எந்த மணியிலும் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் முழுக்க எனக்கு ஒரே ஒரு கவலைதான். அவசரத்தில் முள்ளைப் பின்னால் தள்ளி அதைக் கெடுத்துவிடக் கூடாது. அது பள்ளிக்கூடத்துச் சொத்து.